பத்து டயர் வண்டிக்கு ஒரு அலாரம்

எங்க பக்கம் வந்து பாத்தீங்கன்னா, மாடு கட்டியிருக்கிற கட்டுத்தரைக்குப் பக்கத்துலயே லாரியும் நிக்கும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி சுத்துவட்டாரம் பூராவும் இப்படித்தான். மழையை நம்பி வெள்ளாமை பண்ணி ஓய்ஞ்சு போனவங்க, இருந்த நிலத்தை அடமானம் வச்சு லாரி வாங்கினாங்க. நாமக்கல்ல பாடி கட்டற பட்டறைகளும், திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டிகளும் பெருகினது அப்படித்தான். நான் ரெண்டரை ஏக்கருல குச்சிக்கிழங்கும் சோளமும் போட்டுக்கிட்டு மண்ணோடயே நின்னுட்டேன். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, லாரிக்குப் போயிட்டான். பத்து டயர் வண்டி ஒண்ணு. மாசாமாசம் டியூ கட்டோணும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு லாரின்னா ரோட்டை அடைச்சுக்கிட்டு முன்னால போற ஒரு தொந்தரவு. எங்களுக்கு அது கறவை மாடு மாதிரி. நின்னுட்டா வீட்டுல அடுப்பு யோசிச்சுத்தான் எரியும். இந்தப் பதிவு அந்த வண்டிக்கு ஒரு திருட்டு அலாரம் மாட்டினதைப் பத்தி. நான் பன்னண்டாவது வரைக்கும் படிச்சவன், எலக்ட்ரிக்கல் வேலைக்காரன் இல்லை. பட்டறையில ஒரு நாள் பூரா நின்னு பாத்ததையும் கேட்டதையும்தான் எழுதறேன்.

லாரியில என்னத்தைத் திருடுவாங்கன்னு கேப்பீங்க. வண்டியையே ஓட்டிட்டுப் போறது அபூர்வம். சில்லறையாத்தான் போகும். டீசல் போகும். பேட்டரி போகும். ஸ்டெப்னி டயர் போகும். தார்ப்பாயைக் கிழிச்சு மூட்டையை உருவுவாங்க. ஜாக்கி, லிவர், கயிறு கூட விட மாட்டாங்க. இதுல டீசல்தான் பெரிய அடி. எங்க வண்டி சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசியை ஏத்திக்கிட்டு நாக்பூர் போகும். இப்ப 44ஆம் நம்பர்ங்கிற தேசிய நெடுஞ்சாலை எங்க ஊருப் பக்கமிருந்தே பெங்களூரு, ஐதராபாத் வழியா அங்க கொண்டு போய் விட்டுரும். 1,300 கிலோமீட்டர் கிட்ட வரும். லோடோட லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுத்தா பெரிய விஷயம். போறதுக்கு மட்டும் 325 லிட்டர். அப்ப டேங்குல எப்பவும் ஒரு பெரிய தொகை திரவமா நின்னுக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் படுப்பார். பதினஞ்சு மணி நேரம் ஸ்டியரிங் பிடிச்ச உடம்பு, படுத்தா கட்டைதான். பக்கத்துல இன்னொரு வண்டி ஒட்டி வந்து நிக்கும். ரோட்டுல போறவங்களுக்கு ரெண்டு லாரி நிக்கிற மாதிரித்தான் தெரியும். நடுவுல ஓஸ் போட்டு, பம்பு வச்சு இழுத்துருவாங்க. டேங்கு மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தா, அடியில தண்ணி வடிக்கிறதுக்குன்னு இருக்கிற திருகைக் கழட்டிப் பிடிப்பாங்க. காலையில வண்டியை எடுத்தா முள்ளு கீழ கிடக்கும்.

எங்க வண்டியில ரெண்டு தடவை இப்படி ஆச்சு. முதல்ல 90 லிட்டர், அடுத்த மாசம் 110 லிட்டர். ரெண்டும் சேத்து 18,000 ரூபாய்க்கு மேல. பணத்தை விடுங்க. ரெண்டாவது தடவை தம்பி போன்ல கேட்ட ஒரு கேள்விதான் வினையா முடிஞ்சது. "அதெப்படிங்கண்ணா, ரெண்டு வாட்டியும் நம்ம வண்டியையே தேடி வர்றாங்க?"

அந்த டிரைவர் எங்க ஊர்க்காரர்தான். தம்பியை விட எட்டு வயசு மூத்தவர். இந்த வண்டி வந்த நாள்ல இருந்து ஓட்டறார். டீசலை டிரைவரே வித்துட்டுத் திருட்டுன்னு சொல்றதும் இந்தத் தொழில்ல நடக்கிறதுதான், இல்லைன்னு சொல்ல முடியாது. அதனாலதான் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமா இறங்கிச்சு. அவர் ஊருக்கு வந்ததும் லோடு பேப்பரையும் சாவியையும் எங்க வீட்டுத் திண்ணையில கொண்டுவந்து வச்சார். "அண்ணா, நீங்களே தம்பிகிட்டக் குடுத்துருங்க. நான் தூங்கினது தப்புன்னா, தூங்காம ஓட்டற ஆளைப் பாத்துக்கச் சொல்லுங்க" அப்படின்னார். கோபமாக்கூடச் சொல்லலை.

திருட்டைப் பத்தி ஒரு விஷயம் எனக்கு அன்னைக்குத்தான் பிடிபட்டது. திருடன் டீசலை எடுத்துட்டுப் போயிருவான். சந்தேகத்தை மட்டும் விட்டுட்டுப் போவான். முதலாளிக்கு டிரைவர் மேல, டிரைவருக்குக் கிளீனர் மேல. எங்க ஊருல போர்வெல் மோட்டாருக்குப் போற காப்பர் ஒயரை அறுத்துட்டுப் போனப்பவும் இதேதான். ஒயர் போனது ஒரு பங்குன்னா, ஊருக்குள்ள ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்க முடியாமப் போனது மூணு பங்கு.

தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். "வண்டியில ஜி.பி.எஸ். இருக்குதேங்கண்ணா, அதுக்கு மேல என்ன பண்றது"ன்னான். ஜி.பி.எஸ். வீட்டுல இருக்கிறவனுக்கு வண்டி எங்க நிக்குதுன்னு சொல்லும். வண்டிக்குள்ள தூங்குறவருக்கு டேங்குல கை வச்சுட்டாங்கன்னு சொல்லுமா? தூங்குறவரை எழுப்பற மாதிரி ஒண்ணு வேணும்னு முடிவாச்சு. வண்டி ஒரு வேலையா பட்டறையில நிக்கிற நாள்ல நாமக்கல் போனோம். தம்பி, டிரைவர், நான், மூணு பேரும்.

அந்த ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறைக்காரருக்கு என் வயசு இருக்கும். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காருக்கு மாட்டற அலாரம் வாங்கிட்டு வந்துட்டீங்களா?" தம்பி கையில அட்டைப்பெட்டியோடதான் நின்னான். அவர் சிரிச்சுக்கிட்டே விளக்கினார். காருக்கு 12 வோல்ட். லாரிக்கு 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இணைச்சிருப்பாங்க. இஞ்சின் ஓடும்போது 28 வோல்ட் கிட்ட வரும். கார் அலாரத்தை அப்படியே மாட்டினா அன்னைக்கே புகை.

"அப்ப ரெண்டு பேட்டரியில ஒண்ணுல மட்டும் ஒயரைக் குடுத்தா 12 தானே?"ன்னான் தம்பி. நிறைய இடத்துல அப்படித்தான் பண்றாங்களாம். ஆனா அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கிக்கிட்டே வரும். சார்ஜ் ஏறும்போது ரெண்டுக்கும் ஒரே அளவுதான் போகும். ஒண்ணு பசியோட கிடக்கும், இன்னொண்ணு அளவுக்கு மீறித் தின்னு சூடாகும். கொஞ்ச நாள்ல ரெண்டும் போயிரும். ஜோடி மாடுல ஒண்ணுக்கு மட்டும் தீவனம் போட்டு ஏர் பூட்டற கதைன்னு நான் நினைச்சுக்கிட்டேன். 24 வோல்ட்டுக்குன்னே வர்ற பெட்டியை வாங்கோணும், இல்லைன்னா 24ஐ 12 ஆக்கற கன்வெர்ட்டர் வைக்கோணும். அட்டைப்பெட்டி கடைக்கே திரும்பிப் போச்சு. 24 வோல்ட் பெட்டி வந்தது.

அதுக்கப்புறம் எங்கெங்க காவல் வைக்கிறதுங்கிற பேச்சு. டிரைவர் அதுவரைக்கும் ஒதுங்கி நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். பட்டறைக்காரர் அவரைத்தான் கூப்பிட்டார். "ஏனுங்க, திருடன் எந்தப் பக்கமா வருவான்னு உங்களுக்குத்தானே தெரியும், வாங்க." அவரும் வந்து வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தார். கிளீனர் பக்கத்துல இருட்டு அதிகம், அந்தப் பக்கம்தான் வருவாங்க. டேங்கு மூடி, அடித் திருகு, பேட்டரிப் பெட்டி, ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி. ஒவ்வொண்ணையும் கைய வச்சுக் காட்டினார்.

டேங்கு மூடிக்குக் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டு. அந்தப் பட்டையில ஒரு காந்தம், பக்கத்துத் தாங்கியில ஒரு காந்த சுவிட்ச். பட்டையைத் தூக்கினா காந்தம் விலகும், விலகினா மணி அடிக்கும். அந்த சுவிட்ச் கண்ணாடிக் குழாய்க்குள்ள அடைச்சே வருது. உள்ள பொறி பறந்தாலும் வெளிய வராது. டீசல் பக்கத்துல திறந்த சுவிட்ச் எதையும் வைக்க மாட்டேன்னு அவர் கண்டிப்பாச் சொல்லிட்டார். ரெண்டு கதவுக்கும் அமுங்கற சுவிட்ச்.

அடித் திருகு, பேட்டரிப் பெட்டி மூடி, ஸ்டெப்னி சங்கிலி, டூல்ஸ் பெட்டி, இது நாலுக்கும் சேத்து ஒரே மெல்லிசு ஒயர். ஒரு முனையில கிளம்பி எல்லாத்தையும் சுத்திக்கிட்டு மறுபடியும் பெட்டிக்கே வந்து சேரும். எப்பவும் அதுல துளி கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். எங்க அறுத்தாலும், எதைக் கழட்டினாலும் ஓட்டம் நிக்கும். நின்னா அலாரம் கத்தும். ஒயரை அறுத்துட்டா அலாரம் ஊமையாயிரும்னுதான் திருடன் நினைப்பான், இதுல அறுக்கிறதுதான் கூப்பாடே. கடலைக்காட்டுல மயிலுக்கும் பன்னிக்கும் கயித்தைக் கட்டித் தகர டப்பாவைத் தொங்க விடுவோமே, அதே வேலைதான்.

பேட்டரியில இருந்து அலாரத்துக்கு வர்ற ஒயருல, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் வச்சார். ஃபியூஸை அக்கட்ட பெட்டிகிட்ட வச்சா, நடுவுல ஒயர் சேஸிஸ்ல உரசித் தோல் போனா காப்பாத்த ஆள் இல்லை, தீப்பிடிக்கும். ராத்திரி டிரைவர் பேட்டரி மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுப் படுப்பார். அதனால அலாரத்துக்கு லைன் அந்த சுவிட்சுக்கு முன்னாலயே எடுத்தாச்சு. சும்மா நிக்கும்போது அது 20 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி கூட வராது. நூறுக்கு மேல தாங்கற பேட்டரிக்கு அது கொசு குடிக்கிற ரத்தம்.

கேபினுக்குள்ள ஒயர் ஏற்ற இடத்துல ஒரு முழம் ஒயரை வளையமாத் தளர்த்தி விட்டார். இஞ்சின் வேலைக்குக் கேபினை முன்னால சாய்ப்பாங்க இல்லைங்களா, இழுத்துக் கட்டியிருந்தா அன்னைக்கே அறுந்துரும். தகட்டு ஓட்டையில ஒயர் நுழையற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம்.

சத்தத்துக்கு என்ன பண்றது? தம்பி ஆம்புலன்ஸ் மாதிரி சைரன் கேட்டான். மாத்தி மாத்திப் பல சுதியில அடிக்கிற ஹாரன் வண்டியில இருக்கவே கூடாதுன்னு மோட்டார் வாகன விதியிலயே இருக்குது. வண்டியோட சாதா எலக்ட்ரிக் ஹாரனையே ரிலே வச்சு விட்டுவிட்டு அடிக்க விட்டார். ஏர் ஹாரன் உதவாது, ராத்திரி நின்ன வண்டியில காத்து இறங்கியிருக்கும். கூடவே கேபின்ல, படுக்கைக்குத் தலைமாட்டுல, ஒரு சின்ன பஸ்ஸர். அதுக்குத் தனியா ஒரு குட்டி பேட்டரி. பெரிய பேட்டரி ரெண்டையும் கழட்டினாலும் அது அடிக்கும். "வெளிய அடிக்கிறது திருடனுக்கு. உள்ள அடிக்கிறதுதான் முக்கியம், அது இவருக்கு" அப்படின்னார் பட்டறைக்காரர்.

மத்தியானம் சாப்பிட்டு வந்ததுக்கப்புறம்தான் உண்மையான பிரச்சனை வந்தது. டிரைவர் கை கழுவப் போன சமயம், தம்பி பட்டறைக்காரர்கிட்டத் தணிஞ்ச குரல்ல ரெண்டு விஷயம் கேட்டான். ஒண்ணு, நான் வீட்டுல இருந்தே போன்ல அமுத்தினா இஞ்சின் நிக்கிற மாதிரி ஒரு ரிலே. இன்னொண்ணு, டேங்கு மூடியைத் திறந்தா எனக்கு மட்டும் போன்ல மெசேஜ் வர்ற மாதிரி ஒரு சுவிட்ச், டிரைவருக்குத் தெரிய வேண்டாம்.

பட்டறைக்காரர் டெஸ்டரைக் கீழ வச்சுட்டார். முதல் விஷயத்துக்கு அவர் சொன்னது: ஓடற லாரியில இஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லா இறுகும். பிரேக்குக்குக் காத்து ஏத்தறதும் அந்த இஞ்சின்தான். மலை இறக்கத்துல லோடோட போயிட்டு இருக்கும்போது நீங்க வீட்டுல பட்டனை அமுத்தினா, அது திருடனா நம்ம ஆளான்னு ரோட்டுக்குத் தெரியாது. நின்ன வண்டி ஸ்டார்ட் ஆகாம இருக்கிற மாதிரி மட்டும் பண்ணித் தர்றேன். ஓடற வண்டியை நிறுத்தற வேலை என் கையால ஆகாது.

ரெண்டாவதுக்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதுல நிக்குது. "யாரு இந்த வண்டிக்குள்ள தூங்குறாங்களோ, அவங்களுக்குத் தெரியாம ஒரு ஒயரும் போகக் கூடாதுங்க. நாளைக்கு ஒயர் கருகி வாசம் வந்தா, ராத்திரி ரெண்டு மணிக்கு எதைப் பிடுங்கறதுன்னு அவருக்குத் தெரியோணும்."

தம்பி என்னைப் பாத்தான். நான் சொன்னேன், "சாமி, நம்பிக்கை இல்லைன்னா ஆளை மாத்து, ஒயரை மாத்தாதே. நம்பறதுன்னா அவரு முன்னாடியே மாட்டு." அவன் கொஞ்ச நேரம் பேசலை. லோனுல இருக்கிறவனோட பயம் எனக்குத் தெரியாததில்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்குது. டிரைவர் வந்ததும் தம்பியே கேட்டான், "டிரைவரண்ணா, டேங்கு மூடி திறந்தா நம்ம ரெண்டு பேரு போனுக்குமே மெசேஜ் வர்ற மாதிரி வச்சுக்கலாமுங்களா?" அவர் ரெண்டு பேரையும் ஒரு தடவை பாத்துட்டு, "வைங்க தம்பி. அப்ப பங்க்குல நான் டீசல் அடிக்கும்போதும் வரும், எத்தனை மணிக்கு அடிச்சேன்னு நீங்க தனியாக் கேக்க வேண்டியதில்லை" அப்படின்னார். அந்த ஒரு வார்த்தையில பாதிக் கசப்பு இறங்கிருச்சு.

சாயந்திரம் ஒயர் எல்லாம் கட்டி முடிச்சு, பட்டறைக்காரர் ஒரு வெள்ளைத் தாள்ல படம் போட்டார். எந்தக் கலர் ஒயர் எங்க போகுது, ஃபியூஸ் எங்க இருக்குது, அவசரத்துக்கு எதைக் கழட்டோணும். அதை டிரைவர் கையிலதான் குடுத்தார். எல்லாம் சேத்து 8,000 ரூபாய்க்கு உள்ளதான் ஆச்சு. போன டீசல் காசுல பாதி கூட இல்லை.

முதல் வாரம் பெரிய ரோதனை. கூட வந்த அதிர்வு சென்சார், பக்கத்துல கனமான வண்டி போனாலே அடிச்சுது. நாய் வந்து டயர்ல உரசினாலும் அடிச்சுது. பொய்யா அடிக்கிற அலாரத்தை நாலாம் நாள் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, டிரைவரே ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருவார். அதனால அந்த சென்சாரைக் கழட்டியே விட்டாச்சு. தொட்டா அடிக்கிறது வேண்டாம், திறந்தா, அறுத்தா மட்டும் அடிச்சாப் போதும்.

போன தை மாசம் நாக்பூர்ல இருந்து பருத்திப் பேல் ஏத்திக்கிட்டு வரும்போது, ராத்திரி மூணு மணிக்குத் தலைமாட்டு பஸ்ஸர் அடிச்சிருக்குது. அடித் திருகுப் பக்கம் ஒயர் அறுந்திருக்குது. டிரைவர் இறங்கலை. அதை முதல்லயே பேசி வச்சிருந்தோம், என்ன ஆனாலும் கீழ இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாதுன்னு. டீசல் போனா வாங்கிக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டு, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணியிருக்கார். ஹாரன் பாட்டுக்குக் கத்தியிருக்குது. பக்கத்துல ஒட்டி நின்ன வண்டி லைட்டுப் போடாமயே கிளம்பிருச்சாம். விடிஞ்சு பாத்தா ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு ஓஸும் கிடந்திருக்குது. டேங்குல ஒரு சொட்டு குறையலை. அவர் முதல்ல தம்பிக்குத்தான் போன் போட்டிருக்கார். தம்பி கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களேங்கண்ணா?"

அலாரம் மாட்டினா திருட்டு நின்னுரும்னு நான் சொல்ல வரலை. வெளிச்சத்தோட, காவலோட வண்டி நிறுத்த இடம் இருந்தா இதுல பாதிக்கு வேலையே இல்லை. இருக்கிற இடத்துல இடம் கிடைக்கிறதில்லை, தூக்கம் வந்த இடத்துல நிறுத்த வேண்டியிருக்குது. உங்க ஊருக்கு வெங்காயமும் பருப்பும் கொண்டு வர்றவங்க இப்படித்தான் ரோட்டோரத்துல ஒரு கண்ணைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாங்க. ராத்திரி பயணத்துல எங்கயாவது நின்ன லாரி ஹாரன் விட்டுவிட்டு அடிச்சுதுன்னா, எரிச்சல் படாம ஒரு நிமிஷம் உங்க வண்டி லைட்டை அந்தப் பக்கம் காட்டிட்டுப் போங்க. இறங்க வேண்டாம். வெளிச்சம் போதும்.

மிச்சமான மெல்லிசு ஒயர் ஒரு சுருள் எங்க வீட்டுல கிடந்தது. போன வாரம் லோடு இல்லாம ஊருல இருந்த டிரைவர், பழைய மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல இருந்து 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டி எடுத்துக்கிட்டு எங்க தோட்டத்துக்கு வந்தார். போர்வெல் கேபிளோட சேத்து அந்த ஒயரைச் சுத்தி, சாளையில ஒரு பஸ்ஸரை மாட்டிட்டுப் போயிருக்கார். இதுக்கும் ஒரு தாள்ல படம் போட்டுக் குடுத்திருக்கார். கலர் கலரா, எந்த ஒயர் எங்க போகுதுன்னு.